தண்டல்: கப்பலிலிருந்து தோட்டத்திற்கு இறங்கிய ஒரு பதவிச் சொல்

முன்னுரை

மலேசியத் தோட்டப்புறத் தமிழில் வழங்கிய பதவிப் பெயர்கள் பல. துரை, சின்னத்துரை, பெரிய கிராணி, கிராணி, தண்டல், மண்டோர், கங்காணி ஆகிய பெயர்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர் கிள்ளான் வட்டாரத்தில் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இவற்றுள் 'கங்காணி' என்ற சொல்லும் அதனோடு பிணைந்த ஆள்சேர்ப்பு முறையும் வரலாற்றாசிரியர்களால் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. 'தண்டல்' என்ற சொல்லோ அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. வேலையாட்களை மேய்ப்பவர் என்ற அளவில் அதன் பொருள் எல்லார்க்கும் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெளிவுபடாமலே இருந்து வந்துள்ளது.

தோட்டத் தண்டல் என்பது தமிழின் 'தண்டு' என்னும் வினையிலிருந்து பிறந்த பெயரன்று. அது ஒரு கப்பற் பதவியின் பெயர் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதே கப்பலிலிருந்து இறங்கிய மற்றொரு பெயர் 'கிராணி' என்பதும், இவ்விரு சொற்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் தோட்ட நிருவாகத்தின் அமைப்பு நன்கு விளங்கும் என்பதும் இங்கு விளக்கப்பெறும்.

அகராதி தரும் குழப்பம்

மலேசியத் தமிழ்ச் சிறுகதை ஒன்றில் 'தண்டல் வந்தார்' என்ற தொடரைக் காணும் மாணவர் அகராதியைப் புரட்டினால் அவருக்கு முதலில் கிடைப்பது வரி திரட்டுதல் என்ற பொருளே. 'தண்டுதல்' என்பது வரி, கடன் முதலியவற்றை வாங்கித் திரட்டுவதைக் குறிக்கும் பழைய வினை. 'வரிதண்டல்' என்பது ஆட்சித்தமிழில் நன்கு பயின்ற சொல். மாவட்ட ஆட்சியரைத் 'தண்டலர்' எனக் குறிக்கும் வழக்கும் தமிழகத்தில் இருந்தது. சென்னை நகரின் பேச்சுவழக்கில் நாள்தோறும் திரட்டப்படும் சிறுகடன் இன்றும் 'தண்டல்' எனப்படுகிறது. இப்பொருள்களுள் எதைக் கொண்டாலும் கதை பிழைபடும். பால்வெட்டுத் தொழிலாளியின் முன் வந்து நிற்பவர் கடன் திரட்ட வந்தவராகவோ வரி கேட்க வந்தவராகவோ ஆகிவிடுவார்.

'கிராணி' என்ற சொல்லின் நிலை இன்னும் வேடிக்கையானது. தமிழ் அகராதிகளிலும் மருத்துவ நூல்களிலும் கிராணி என்பது வயிற்றுக் கழிச்சல் நோயொன்றின் பெயர். வடமொழியின் 'கிரகணி' என்பதன் திரிபு. தோட்டத்துக் கணக்கரைப் பற்றிய ஒரு பத்தியை இப்பொருளோடு படித்தால் என்னாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தோட்டத் தண்டலை வரி தண்டுதலோடு இணைப்பது பொருந்தாது என்பதற்கு இலக்கண அடிப்படையிலேயே ஒரு காரணம் உண்டு. 'தண்டல்' என்பது 'தண்டு' என்னும் வினையடியாகப் பிறந்த தொழிற்பெயர்; அது செயலைக் குறிக்குமேயன்றிச் செய்பவரைக் குறிக்காது. செய்பவரைக் குறிக்க வேண்டுமாயின் 'தண்டல்காரர்', 'தண்டலாளர்' என விகுதியோ வேறு சொல்லோ சேர்த்தல் மரபு. தோட்டத்திலோ 'தண்டல்' என்ற சொல் எவ்விகுதியும் பெறாமல் நேரே ஆளைக் குறித்தது. தொழிலாகுபெயர் எனக் கொண்டு அமைதி கூறலாமெனினும், அவர் செய்த தொழில் தண்டுதல் அன்று. ஆட்களை நிரைப்படுத்தி, வேலை பிரித்துக் கொடுத்து, அது முடிகிறதா எனப் பார்ப்பதே அவர் தொழில். எனவே சொல்லின் வேரை வேறிடத்தில் தேட வேண்டியுள்ளது.

கப்பலில் தண்டல்

16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் தொகுத்த 'ஆயினி அக்பரி' என்னும் நூல், அக்பரின் கடற்படைத் துறையைப் பற்றிக் கூறுமிடத்தில், கடலோடும் கப்பலொன்றில் பணியாற்றுவோரை வகைப்படுத்திக் காட்டுகிறது. நாகுதா கப்பலின் தலைவர். அது செல்லும் வழியை முடிவு செய்பவர். முஅல்லிம் கடலின் ஆழ அளவும் விண்மீன்களின் நிலையும் அறிந்து வழிகாட்டுபவர். தண்டில் கலாசிகளின், அதாவது கப்பலாட்களின், தலைவர். சர்ஹங் கப்பலைத் துறை சேர்ப்பதையும் கரையிறக்குவதையும் மேற்பார்ப்பவர். பண்டாரி சேமப் பொருளுக்குப் பொறுப்பாளர். கர்ரானி கப்பலின் கணக்கை எழுதிக் குடிநீரைப் பகிர்ந்தளிப்பவர். சுக்கான்கீர் சுக்கானைப் பிடிப்பவர். இன்னும் சில பதவிகளும் அப்பட்டியலில் உள்ளன.

மலேசியத் தமிழர் இப்பட்டியலைப் படிக்கும்போது வியப்படையாமல் இருக்க இயலாது. மூன்றாவதாக வரும் தண்டிலும், கணக்கெழுதும் கர்ரானியும் தோட்டத்தில் நாம் கண்ட தண்டலும் கிராணியுமே. கிராணி என்ற கப்பற் கணக்கரை இதற்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டில், இபின் பதூதா குறிப்பிட்டுள்ளார். தென் அரேபியாவின் ழபார் துறைக்குக் கப்பல் வந்தால் அதன் உரிமையாளருக்கும் தலைவருக்கும் எழுத்தரான கிரானிக்கும் அரசன் சார்பில் ஆடைகள் அளித்து வரவேற்கும் வழக்கத்தை அவர் விவரிக்கிறார். இச்சொல்லை எழுத்தரைக் குறிக்கும் 'கரண' என்னும் வடசொல்லோடு அறிஞர் இணைத்துக் காண்பர். அவ்வாறாயின் சோழர் கல்வெட்டுகளில் கணக்கரைக் குறிக்கும் 'கரணத்தான்' என்ற சொல்லுக்கு நம் கிராணி உறவினர் ஆகிறார்.

தண்டல் என்ற சொல்லின் வேரைப் பற்றி இரு விளக்கங்கள் உண்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' சொற்களஞ்சியமும் அதன் 1903-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பும் இவற்றைத் தெரிந்துகொள்ளத் துணைபுரிகின்றன. ஒன்று, ஆட்களின் நிரையைக் குறிக்கும் 'தாண்டா' என்ற வடநாட்டுச் சொல்லிலிருந்து நிரையின் தலைவர் என்ற பொருளில் அது வந்தது என்பது. மற்றொன்று, துடுப்பைக் குறிக்கும் 'தண்டு' என்ற சொல்லோடு இணைத்து, தண்டு வலிப்போரின் தலைவர் எனக் கொள்வது. தமிழிலும் மலையாளத்திலும் தண்டு வலித்தல் என்பது படகு வலித்தலே. இரு விளக்கங்களிலும் வரி திரட்டலுக்கு இடமில்லை என்பது கருதத்தக்கது. இரண்டும் சுட்டுவது ஒரு கூட்டத்தை ஒருமித்து இயங்கச் செய்யும் ஆளையே.

கடற்கரைதோறும் ஒரு பொருள்

இச்சொல் இந்தியப் பெருங்கடலின் கரைகளில் பரவலாக வழங்குகிறது. மராட்டிய, குசராத்திய, தாமன் கரைகளின் மீனவரிடையே 'தாண்டேல்' என்பது இன்று குடும்பப் பெயராக நிலைத்துள்ளது. தெலுங்கில் 'தண்டேலு' என்பவர் மீன்பிடிப் படகுக் குழுவின் தலைவர். சிரீகாகுளம் மீனவரின் வாழ்வை வைத்து 2025-இல் வெளிவந்த தெலுங்குத் திரைப்படம் ஒன்று இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பலின் தலைவர் 'தண்டயல்' என அழைக்கப்பட்டார். அவ்வூரில் 1930-இல் கட்டப்பெற்ற 'அன்னபூரணி அம்மாள்' என்னும் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் பெயர் மாற்றினார். தண்டயல் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டு 1-ஆம் நாள் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். தண்டயல் என்ற பட்டம் அவ்வூரில் இன்றும் பெருமைக்குரியது.

ஆனால் ஆங்கிலேயரின் பெரிய கப்பல்களில் இப்பதவியின் நிலை வேறு. அங்கு லஸ்கர் எனப்பட்ட ஆசியக் கடலோடிகளின் தலைவர் சாரங்கு. பாரசீகத்தின் 'சர்ஹங்' என்பதே தமிழில் சாரங்கு, ஸ்ராங்கு என்றும் மலாயில் 'செராங்' என்றும் ஆயிற்று. தண்டல் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். மேற்றளத்திற்கு ஒரு சாரங்கும் தண்டல்களும், எந்திர அறைக்கு வேறொரு சாரங்கும் தண்டல்களும் இருந்தனர். அக்பர் காலத்துப் பட்டியலில் சர்ஹங்கிற்கு முன்னால் வைத்து எண்ணப்பட்ட தண்டல், நீராவிக் கப்பலில் அவருக்குக் கீழே இறங்கிவிட்டார். சிறு கலத்தில் தலைவர், பெருங்கலத்தில் துணைவர் என்ற இந்த இருநிலை, சொல்லின் பொருளை வரையறுக்க முயல்வோரைக் குழப்பக்கூடியது. ஆயினும் இரண்டிலும் மாறாத கூறு ஒன்று உண்டு. தண்டல் எங்கிருந்தாலும் ஆட்களோடு ஆளாக நிற்பவர். அவர்களின் மொழியில் ஏவுபவர். அவர்களின் வேலைக்கு மேலிடத்தில் விடை சொல்ல வேண்டியவர்.

மலாய் மொழியில் இதன் சுவடுகள்

தமிழரின் கப்பற் பதவிப் பெயர்கள் இவ்வட்டாரத்துக்குப் புதியன அல்ல. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் விதித்த கட்டணத்தைக் கூறுமிடத்துக் கப்பல் தலைவரை 'மரக்கல நாயன்' எனக் குறிக்கிறது. அது தமிழ்ச் சொல். அதன்பின் வந்த நூற்றாண்டுகளில் அரபு, பாரசீகச் சொற்கள் இந்தியப் பெருங்கடலின் பொதுமொழியாயின. மலாக்காவின் கடைசி சுல்தான் மகமூது ஷாவின் காலத்தில் தொகுக்கப்பெற்ற மலாக்கா கடற்சட்டம், கப்பலின் 'நக்கோடா' கடலில் அரசனைப் போன்றவர் என்றும், 'ஜுருமுடி' என்னும் சுக்கான் பிடிப்பவர் பெண்டகாராவைப் போன்றவர் என்றும், 'ஜுருபத்து' என்னும் நங்கூரப் பொறுப்பாளர் தெமெங்கோங்கைப் போன்றவர் என்றும் வகுத்துரைக்கிறது. கப்பல் என்பது கடலில் மிதக்கும் ஓர் அரசு என்னும் கருத்து இதில் வெளிப்படுகிறது.

இச்சொற்களுள் பல இன்றைய மலாயில் உயிரோடு உள்ளன. நக்கோடா என்பது கப்பல் தலைவரைக் குறிக்கும் சொல்லாகவே நீடிக்கிறது. 'முஆலிம்' என்பவர் கப்பல் அதிகாரி. கற்பிப்பவர் எனப் பொருள்படும் இந்த அரபுச் சொல்லே தமிழில் 'மாலுமி' ஆகிக் கடலோடிகள் அனைவர்க்கும் பொதுப்பெயராயிற்று. மலாயில் உயர்நிலையிலேயே நின்ற சொல் தமிழில் பரந்து தாழ்ந்தது. கலாசி 'கெலாசி' என்ற வடிவில் கப்பலாளைக் குறிக்கிறது. மலேசிய அரச கடற்படையில் 'லஸ்கார்' என்பது இன்றும் ஒரு பதவிப் பெயர். 'கெரானி' என்ற சொல்லையோ அறியாத மலேசியர் இலர். அரசு அலுவலகங்களில் வேறு பதவிப் பெயர்கள் வந்துவிட்ட பின்னரும் பேச்சில் எழுத்தர் கெரானியாகவே இருக்கிறார்.

இவ்வரிசையில் 'தண்டில்' என்ற மலாய்ச் சொல் நம் ஆய்வுக்கு முதன்மையானது. அது கப்பலாட்களின் தலைவரையும் கூலியாட்களின் தலைவரையும் ஒருசேரக் குறிக்கிறது. நாம் தேடிய இணைப்பு இங்கே ஒரே சொல்லின் இரு பொருள்களாகப் பதிவாகியுள்ளது. தோட்டத் தண்டல் வரி தண்டலிலிருந்து வந்திருந்தால், மலாயில் அதற்குக் கப்பற் பொருள் அமைந்திருக்க வேண்டிய தேவையில்லை.

கடலிலிருந்து கரைக்கு

கப்பற் சொல் எவ்வாறு தரையில் கால் ஊன்றியது? முதற்படி கும்பினியின் படையில் நிகழ்ந்தது. பீரங்கிகளை இழுக்கவும் கூடாரங்களை அமைக்கவும் லஸ்கர்கள் அமர்த்தப்பட்டனர். கயிறும் கப்பியும் கையாளத் தெரிந்த கடலோடிகளின் திறன் படைக்கலப் பணிக்கும் பயன்பட்டது. லஸ்கர் தரையிறங்கியபோது அவர்தம் தலைவரான தண்டலும் உடன் இறங்கினார். பின்னர்ப் பொதுப்பணித் துறையின் கூலிக் கூட்டங்களின் தலைவருக்கும் அப்பெயர் வழங்கியது. கலாசி என்ற சொல் இந்திய இரயில்வேயில் நெடுங்காலம் ஒரு பணிப்பெயராக இருந்தமையும் இத்தகைய பெயர்வே.

இரண்டாம் படி நீரிணைக் குடியேற்றங்களில் நிகழ்ந்தது. பினாங்கிற்கு 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதலும், சிங்கப்பூருக்கு 1825 முதலும் இந்தியக் கைதிகள் நாடு கடத்தப்பட்டனர். சாலைகளும் கட்டடங்களும் அவர்தம் உழைப்பால் எழுந்தன. சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ தேவாலயம் அவற்றுள் ஒன்று. நன்னடத்தை உடைய கைதிகளையே சிறுநிலை அலுவலர்களாக அமர்த்திப் பிற கைதிகளை மேற்பார்க்கச் செய்யும் முறை அங்கு இருந்தது. அவ்வலுவலர்களுக்கு வழங்கிய பெயர்களுள் தண்டலும் ஒன்று. 1873-இல் சிங்கப்பூரின் இந்தியக் கைதிச் சிறை மூடப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டில் சிலாங்கூருக்கு முதல் ஆங்கிலேய ஆலோசகர் அமர்த்தப்பட்டார். ஆக, கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலையும் இருப்புப்பாதையும் தோட்டமும் தோன்றத் தொடங்கிய காலத்தில், இந்தியக் கூலிக் கூட்டத்தின் தலைவருக்குத் தண்டல் என்ற பெயர் இந்நாட்டில் ஏற்கெனவே பழகியிருந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

கோலாலம்பூரையும் கிள்ளான் அருகிலுள்ள புக்கிட் குடாவையும் இணைத்த இருப்புப்பாதை 1886-இல் திறக்கப்பட்டது. சுவெட்டன்காம் துறைமுகம் 1901-இல் தொடங்கப்பட்டது. 1972-இல் அதன் பெயர் கிள்ளான் துறைமுகம் என மாறியது. முதலில் காப்பியும் பின்னர் இரப்பரும் பயிரான தோட்டங்களுக்கு அத்துறைமுகமே வாயில். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரில் பெரும்பகுதியினர் இரயில்வேக்கும் தோட்டங்களுக்குமாகப் பிரிந்து சென்றனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்குத் தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தரும் அருகருகே வாழ்ந்தனர். ஒரே சொல் இவ்விரு சாராரிடத்தும் வெவ்வேறு படிமங்களை எழுப்பியிருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கடற்கரையிலிருந்து வந்தவருக்குத் தண்டயல் கடலை வென்ற தலைவர். பாதையில் கல் பரப்பியவருக்குத் தண்டல் தம்மை விரட்டி வேலை வாங்குபவர்.

தோட்டத்தில் தண்டலின் இடம் கிராணிக்குக் கீழும் தொழிலாளிக்கு மேலும் ஆகும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்துவதும், நிரை பிரித்து அனுப்புவதும், வெட்டின் தரத்தைப் பார்ப்பதும் அவர் பணி. கங்காணி, மண்டோர், தண்டல் என்ற மூன்று பெயர்களும் தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்கியதுண்டு. எனினும் அவற்றின் பிறப்பு வேறு. கங்காணி 'கண்காணி' என்ற தமிழ்ச் சொல். சோழர் கல்வெட்டுகளிலேயே மேற்பார்வையாளரைக் குறித்தது. மண்டோர் போர்த்துக்கீசியத்திலிருந்து மலாய் வழியே வந்தது. தண்டல் கடலிலிருந்து வந்தது. உழவு நிலம், குடியேற்ற ஆட்சி, கடல் ஆகிய மூன்று உலகங்களும் ஒரே பிரட்டுக்களத்தில் வந்து நின்றன எனலாம்.

கப்பற் பெயர்கள் தோட்டத்திற்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்தியமைக்குக் காரணம் இரண்டின் அமைப்பும் ஒத்திருந்தமையே. கப்பலில் சாரங்கு தம் ஊராரையும் உறவினரையும் தாமே திரட்டி வந்தார், முன்பணம் கொடுத்தார், கடனால் அவர்களைத் தம்மோடு பிணைத்தார், வெள்ளை அதிகாரி அவர் வழியாகவே லஸ்கர்களோடு பேசினார். தோட்டத்தில் கங்காணி செய்ததும் இதுவே. கப்பலில் கிராணி கணக்கெழுதிக் குடிநீரைப் பகிர்ந்தார். தோட்டத்தில் கிராணி செக்ரோலில் பெயரும் நாளும் எழுதினார். நாளுக்குப் பெயர் பதியப்படவில்லையாயின் கூலி இல்லை. கப்பலின் பயணி கடலைத் தாண்டி வெளியேற இயலாததுபோல், தோட்டத்துத் தொழிலாளியும் அதன் எல்லையைத் தாண்டிச் செல்ல எளிதில் இயலாதவராக இருந்தார். மலாக்கா சட்டம் கப்பலை அரசாகக் கண்டது. தோட்டமோ தரையில் நின்ற கப்பலாக அமைந்தது.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். 1926-இல் கட்டப்பெற்று 1973 வரை இக்கடல்வழியில் ஓடிய 'ரஜூலா' போன்ற கப்பல்களின் மேற்றளத்தில்தான் தொழிலாளர் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தனர். அத்தளத்தில் கயிறு இழுத்த லஸ்கர்களை ஏவிக்கொண்டிருந்தவர்கள் சாரங்கும் தண்டலுமே. தோட்டத்தில் தம்மை எழுப்பப்போகும் பதவியின் பெயரை அவர்கள் பயணத்தின்போதே கேட்டிருக்க வாய்ப்புண்டு.

பதவியின் பாரம்

இப்பெயர்கள் வெறும் நிருவாக அடையாளங்கள் அல்ல. அவை தொழிலாளியின் உடல் நடையையே கட்டுப்படுத்தின. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் தோட்டங்களில் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், வெள்ளையர் முன்னும் ஆசிய அலுவலர் முன்னும் மிதிவண்டியில் அமர்ந்தவாறே செல்லும் உரிமையும் ஒன்று. சம கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், கொடுமை செய்யும் ஆசிய அலுவலரை அகற்றல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு அது சேர்த்து வைக்கப்பட்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

மிதிவண்டிக் கோரிக்கை சிறியதெனத் தோன்றலாம். ஆனால் பதவிப் பெயர் ஒன்று மனிதனை நிற்க வைப்பதும் இறங்க வைப்பதும் எவ்வளவு ஆழமான காயம் என்பதை அது காட்டுகிறது. இப்பின்னணியில் பார்த்தால் 'தண்டல்' என்ற சொல்லில் தொழிலாளியின் காது 'தண்டனை'யைக் கேட்டிருக்கக்கூடும் என்பதும், கற்றவர் அதில் 'தண்டுதலை'க் கண்டதும் வியப்பன்று. சொற்பிறப்பு முறையில் இரண்டும் பொருந்தா. ஆயினும் கேட்போர் மனத்தில் அச்சொல் எதனோடு உறவு கொண்டது என்பதற்கு அவை சான்றாகும். சொல்லின் பிறப்பு ஒரு வரலாறு. அதைக் கேட்டு வாழ்ந்தவரின் அனுபவம் மற்றொரு வரலாறு. நாம் முன்னதை நிறுவும்போது பின்னதை அழித்துவிடலாகாது.

தண்டலையும் ஒரே நிறத்தில் தீட்டிவிட இயலாது. அவரும் பெரும்பாலும் தொழிலாளியாக இருந்து உயர்ந்தவரே. அதே லயத்தில் வாழ்ந்தவர். கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் முன்னின்றவர். மேலிருந்து வந்த கடுமையைக் கீழே கடத்த வேண்டியவரும், கீழிருந்து எழுந்த முறையீட்டை மேலே சொல்ல வேண்டியவரும் அவரே. கப்பலின் தண்டலுக்கும் இதே நெருக்கடி இருந்தது.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று இல்லை. சீபீல்டு தோட்டத்தில் சுபாங் ஜெயாவும், சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலமும், பெராங் பெசார் தோட்டத்தில் புத்ராஜெயாவும் எழுந்துவிட்டன. பிரட்டுக்களம் இருந்த இடங்களில் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிற்கின்றன. தண்டல் என்ற சொல் முதியவர் நினைவிலும் பழைய சிறுகதைகளிலும் மட்டுமே மிஞ்சியுள்ளது. அவர்களும் மறைந்தபின் அகராதி சொல்வதே உண்மையாகிவிடும். அகராதியோ வரியையும் கழிச்சலையும் காட்டும்.

எனவே மூன்று பணிகள் நம் முன் உள்ளன. முதலாவது, தமிழ்ப் பாடநூல்களிலும் கதைத் தொகுப்புகளிலும் தண்டல், கிராணி போன்ற சொற்களுக்கு மலேசியப் பொருளைத் தனியே குறித்தல். இரண்டாவது, இச்சொற்கள் எந்தெந்தத் தோட்டத்தில் எப்பொருளில் வழங்கின என்பதை, அவற்றைப் பயன்படுத்திய முதியவர்களிடமிருந்து நேரே கேட்டுப் பதிதல். கங்காணிக்கும் தண்டலுக்கும் மண்டோருக்கும் இடையிலான நுட்பமான வேறுபாடுகளை அவர்களே சொல்ல வல்லவர்கள். மூன்றாவது, மலாயின் தண்டில், கெரானி, கெலாசி, முஆலிம் ஆகியவற்றோடு நம் சொற்களை அருகே வைத்துக் கற்பித்தல். தம் பாட்டனாரின் சொல்லும் தாம் பள்ளியில் கற்கும் மலாய்ச் சொல்லும் ஒரே கப்பலில் வந்தவை என்பதை அறியும் மாணவர், அச்சொல்லைத் தோட்டத்தின் தாழ்வாகக் கருதமாட்டார்.

அக்பரின் கப்பலில் கலாசிகளுக்குத் தலைவராயிருந்து, வல்வெட்டித்துறையில் தண்டயலாய்க் கடல் கடந்து, நீராவிக் கப்பலில் சாரங்கின்கீழ் நின்று, கைதிகளுக்கிடையே மேற்பார்வையாளராகி, கிள்ளானின் இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் குரல் கொடுத்தவர் தண்டல். நம் முன்னோரின் இடப்பெயர்வை ஆவணங்கள் ஆள்தொகையாகப் பதிந்து வைத்துள்ளன. அவர்கள் யாருக்குக் கீழே நின்றார்கள், அந்த அதிகார அடுக்கு எங்கிருந்து வந்தது என்பதை இந்த ஒரு சொல் தன்னுள் வைத்துக் காத்து வந்துள்ளது. அதன் பொருளைச் சரியாக எழுதி வைப்பது நம் கடமையாகும்.